அத்தியாயம் 6: டப்பாவின் பின்பக்கம்

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போவது தமிழ்நாட்டில் பல தலைமுறைப் பழக்கம். கொடுப்பவரின் அன்பில் குறையில்லை. ஆனால் படுத்திருப்பவருக்குச் சர்க்கரை நோய் இருந்தாலும், அந்தப் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று வாங்கிப் போனவரும் பார்ப்பதில்லை, கலக்கிக் கொடுப்பவரும் பார்ப்பதில்லை. சத்தானது என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. அந்த நம்பிக்கையை ஊற வைத்தது விளம்பரம்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். டப்பாவின் முன்பக்கத்தை விற்பவர் எழுதுகிறார். பின்பக்கத்தைச் சட்டம் எழுத வைக்கிறது. காசு கொடுக்கும் முன் பின்பக்கத்தைப் படியுங்கள். அதற்கு வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. எந்தெந்த இடத்தில் கண்ணை வைக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். எழுத்து மிகப் பொடியாக இருந்தால் செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டிய இடம்

'இன்கிரீடியன்ட்ஸ்' என்ற தலைப்பில் மூலப்பொருட்கள் வரிசையாக இருக்கும். எடையில் அதிகமாக இருப்பது முதலில், குறைவானது கடைசியில் என்ற வரிசையில்தான் அவற்றை அச்சிட வேண்டும் என்பது விதி. ஆகவே முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே டப்பாவில் பெரும்பகுதி எது என்று தெரிந்துவிடும். முன்பக்கத்தில் பாதாமும் குங்குமப்பூவும் படமாக மின்னும். பின்பக்கத்தில் அதே பாதாம் பட்டியலின் வால்பகுதியில், ஒரு சதவீதத்துக்கும் கீழே நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து, சர்க்கரை பல பெயர்களில் வரும். சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், பழச்சாறு கான்சென்ட்ரேட், தேன், வெல்லம் எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஒரே சர்க்கரையை மூன்று பெயர்களில் பிரித்துப் போட்டால், ஒவ்வொன்றும் எடையில் சிறுத்துப் பட்டியலில் கீழே இறங்கிவிடும். முதலிடத்தில் கோதுமையோ பால் பவுடரோ நிற்கும். மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயரைத் தனியாக நினைவில் வையுங்கள். அது மாவுச்சத்தை உடைத்துச் செய்த பொடி. நாக்கில் பெரிதாக இனிக்காது. ரத்தத்தில் மட்டும் சர்க்கரையை வேகமாக ஏற்றும். 'சர்க்கரை சேர்க்கப்படாதது' என்று முன்பக்கத்தில் எழுதிய பொடிகளிலும் இது இருக்கலாம். சர்க்கரை நோயாளிகள் அந்த வாசகத்தை நம்பி வாங்குவதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பிறகு ஊட்டச்சத்துக் கட்டம். அதில் '100 கிராமில்' என்று ஒரு பத்தியும், 'ஒரு வேளைக்கு' என்று ஒரு பத்தியும் இருக்கும். இரண்டு பொருட்களை ஒப்பிடும்போது 100 கிராம் பத்தியை மட்டும் பாருங்கள், ஏனென்றால் ஒரு வேளை என்பது எவ்வளவு என்று தீர்மானிப்பவர் தயாரிப்பாளர். ஒருவர் 20 கிராம் என்பார், இன்னொருவர் 33 கிராம் என்பார். சில டப்பாக்களில் மூன்றாவதாக 'பாலுடன் கலந்தால்' என்று ஒரு பத்தி இருக்கும். 200 மில்லி பாலில் சுமார் 6 கிராம் புரதமும் நல்ல அளவு சுண்ணாம்புச் சத்தும் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தப் பெருமை பாலுக்கும் மாட்டுக்கும் சேர வேண்டியது.

பலரும் கவனிக்காத இன்னொன்று, கட்டத்தில் இருக்கும் சதவீதக் கணக்கு. சேர்த்த சர்க்கரை, உப்பு, கொழுப்பு ஆகியவற்றுக்கு இந்த லேபிள் விதி எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒரு நாளைக்கு 2000 கிலோ கலோரி சாப்பிடும் வளர்ந்த மனிதர். சேர்த்த சர்க்கரைக்கு அவருடைய நாள் வரம்பு 50 கிராம். ஐந்து வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவதோ சுமார் 1360 கிலோ கலோரிதான். எனவே 'வெறும் 13 சதவீதம்' என்று லேபிள் சொல்வது உங்கள் குழந்தையின் கணக்கு ஆகாது. சர்க்கரையை மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளர்ந்தவருக்கே அந்த 5 சதவீதம் என்பது சுமார் 25 கிராம், அதாவது ஐந்தாறு தேக்கரண்டி.

மால்ட் பானங்களின் கதை

ஹார்லிக்ஸைத் தொடங்கியவர்கள் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் ரசீன் நகரத்துக்குப் போன சகோதரர்கள். 1883-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். முளைகட்டிய பார்லி, கோதுமை, பால் சேர்ந்த பொடி அது. பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் எளிதில் செரிக்கும் உணவு என்பதுதான் தொடக்க கால நோக்கம். 1930-களில் பிரிட்டனில் அதற்கு 'இரவுப் பட்டினி' என்ற ஒரு குறைபாட்டைக் காட்டி விளம்பரம் செய்தார்கள். தூங்கும்போது உடல் பட்டினி கிடப்பதால் காலையில் களைப்பாக எழுகிறீர்கள், படுக்கப்போகும் முன் ஒரு கோப்பை குடியுங்கள் என்றார்கள். மருத்துவ நூல் எதிலும் இல்லாத நோய் அது. அந்த நாட்டில் இன்றைக்கும் பலருக்கு அது தூங்கப் போகும் முன் குடிக்கும் பானம். இங்கேயோ காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குச் சுறுசுறுப்பு தரும் பானமாக விற்றார்கள். ஏறத்தாழ ஒரே பொடி, அங்கே தூக்கத்துக்கு, இங்கே ஓட்டத்துக்கு.

இந்த இரண்டு சந்தைகளும் 2008-ல் ஒருமுறை மோதிக்கொண்டன. குழந்தைகளை உயரமாக, வலுவாக, கூர்மையாக ஆக்கும் என்று வங்கதேசத்துக்காக எடுத்த ஹார்லிக்ஸ் விளம்பரம் செயற்கைக்கோள் சேனல் ஒன்றின் வழியே பிரிட்டனிலும் ஒளிபரப்பானது. அந்த நாட்டு விளம்பரத் தர ஆணையம் அதைத் தடை செய்தது. நிறுவனம், இது பிரிட்டன் மக்களுக்காக எடுத்த விளம்பரம் அல்ல என்று விளக்கம் சொன்னது. அந்த விளக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. லண்டனில் உள்ள குழந்தையின் தாயிடம் சொல்லக்கூடாத ஒன்றை டாக்காவில், சென்னையில், மதுரையில் உள்ள தாயிடம் மட்டும் எப்படிச் சொல்லலாம்?

நம் நாட்டில் திருப்பம் வந்தது 2023-ல். போர்ன்விட்டாவின் பின்பக்கத்தை ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர் ஒரு வீடியோவில் வாசித்துக் காட்டினார். வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவர் வீடியோவை நீக்கி மன்னிப்பும் கேட்டார். ஆனால் அதற்குள் நாடெங்கும் பெற்றோர்கள் டப்பாவைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். 20 கிராம் பொடியில் சேர்த்த சர்க்கரை ஏழரை கிராம், அது அன்றாட வரம்புக்கு மிகவும் கீழே என்று நிறுவனம் பதில் சொன்னது. ஆண்டு முடிவதற்குள் 100 கிராமுக்கு 37.4 கிராமாக இருந்த சேர்த்த சர்க்கரை 32.2 கிராமாகக் குறைந்தது. சட்டமோ அபராதமோ செய்யாததைப் பின்பக்கத்தைப் படித்த மக்கள் செய்தார்கள்.

2024 ஏப்ரலில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகை உணவுச் சட்டத்தில் எங்கும் வரையறுக்கப்படவில்லை, ஆன்லைன் கடைகள் பால், தானிய, மால்ட் பானங்களை அந்தத் தலைப்பில் விற்கக்கூடாது என்று அறிவுறுத்தியது. மத்திய வணிக அமைச்சகமும் அதையே சொன்னது. அதே மாதத்தில் ஹார்லிக்ஸை இப்போது வைத்திருக்கும் இந்துஸ்தான் யூனிலீவர், தன் பிரிவின் பெயரிலிருந்து 'ஹெல்த்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. பெயர்தான் மாறியது. மளிகைக்கடை அலமாரியில் அந்த டப்பாக்கள் பழைய இடத்திலேயே இருக்கின்றன.

அப்படியானால் வாங்கவே கூடாதா? பாலை வெறுமனே குடிக்க மறுக்கும் குழந்தைக்கு ருசிக்காக ஒரு கரண்டி போடுவதில் பெரிய தீங்கு எதுவும் இல்லை. அதற்கு மேல் வீட்டுச் சர்க்கரையும் இரண்டு கரண்டி போடாதீர்கள், அவ்வளவுதான். 'வளர்ச்சிக்கு' என்று வாங்குவதாக இருந்தால் மட்டும் கணக்குப் போடுங்கள். இந்தப் பொடிகள் பலவற்றில் 100 கிராமுக்குப் புரதம் 7 முதல் 12 கிராம். பொட்டுக்கடலையில் சுமார் 20 கிராம், நிலக்கடலையில் சுமார் 25 கிராம். விலையைப் புரதத்தின் கிராம் கணக்கால் வகுத்துப் பாருங்கள்.

களைப்பை விற்பவர்கள்

எனர்ஜி என்று எழுதி விற்கும் எதையும் பிரித்துப் பார்த்தால் மிஞ்சுவது இரண்டில் ஒன்று, அல்லது இரண்டும்: சர்க்கரை, கஃபைன். மற்றவை பெரும்பாலும் உடன் வரும் பெயர்கள்.

சர்க்கரை தருவது கலோரி. ஒரு கிராமுக்கு 4 கிலோ கலோரி. 'உடனடி சக்தி' என்று கோடைக்காலத்தில் விற்கும் குளுக்கோஸ் பவுடர் அனேகமாக முழுவதும் டெக்ஸ்ட்ரோஸ். வெயிலில் ஓடியாடுபவருக்கு அது பயன்படலாம். வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு அது வெறும் இனிப்புத் தண்ணீர்.

கஃபைன் கலோரி எதையும் தருவதில்லை. உடல் களைத்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் அடினோசின் என்ற பொருளின் வேலையை அது தடுக்கிறது. களைப்பு அப்படியே இருக்கும், செய்தி மட்டும் போய்ச் சேராது. குடித்த அளவில் பாதி கழிவதற்கே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். பரீட்சைக்கு முந்தைய நாள் இரவு இதைக் குடித்துவிட்டுப் படிக்கும் மாணவர் இழப்பது படித்ததை மனதில் நிறுத்தும் தூக்கத்தை.

இந்திய விதிப்படி இத்தகைய பானங்களில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை கஃபைன் இருக்கலாம். 250 மில்லி பாட்டிலுக்கு இது அதிகபட்சம் 75 மில்லிகிராம். ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தரும் கணக்கில் 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது அந்த நிறுவனம். வீட்டு ஃபில்டர் காபியே அந்தப் பாட்டிலைவிட வீரியமாக இருக்கலாம் என்பதுதான் இதன் பொருள். வித்தியாசம் என்னவென்றால், காபியை யாரும் பத்து வயதுப் பையனிடம் குளிர்ச்சியாக, சிவப்பு நிறத்தில், கிரிக்கெட் இடைவேளையில் காட்டி விற்பதில்லை. 'குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை' என்ற எச்சரிக்கை அந்தப் பாட்டிலில் கட்டாயம் இருக்கும். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையில் இருபது ரூபாய்க்கு அதை வாங்கும் சிறுவன் அதைப் படிக்கப் போவதில்லை. பெற்றோர்தான் படிக்க வேண்டும்.

டாரின், குரானா, பி வைட்டமின்கள் என்று வரும் பெயர்களையும் பார்த்துவிடுவோம். டாரினை நம் உடலே தயாரித்துக்கொள்கிறது. குரானா என்பது அமேசான் காட்டுக் கொடியின் விதை. அதன் சிறப்பே கஃபைன்தான், எடைக்கு எடை காபிக் கொட்டையைவிட அதிகம். ஆகவே லேபிளில் கஃபைனும் குரானாவும் தனித்தனியே இருந்தால் மொத்த கஃபைன் எவ்வளவு என்று தேடுங்கள். பி வைட்டமின்கள் உணவிலிருந்து ஆற்றலை எடுக்க உடலுக்கு உதவுகின்றன, அது உண்மை. குறைபாடு இல்லாதவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் சுறுசுறுப்பு வராது. அமெரிக்காவில் '5-ஹவர் எனர்ஜி' என்ற குட்டிப் பாட்டில், வைட்டமின்களும் அமினோ அமிலங்களும் கஃபைனோடு சேர்ந்து தனியான பலன் தருவதாகச் சொல்லி விற்றது. வாஷிங்டன் மாநில அரசு வழக்குப் போட்டது. அந்தக் கூற்றுகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் 2016-ல் முடிவு சொன்னது; 2017-ல் அபராதமும் செலவுத்தொகையுமாகச் சுமார் 43 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. ரெட் புல் நிறுவனமும் ஒரு கோப்பை காபியைவிடக் கூடுதலாக எதையும் தருவதில்லை என்ற வழக்கை 2014-ல் 1 கோடியே 30 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் விடாமல் களைப்பு இருந்தால் அது ஓர் அறிகுறி. நம் ஊர்ப் பெண்களிடம் அதற்கு முதல் காரணமாகச் சந்தேகிக்க வேண்டியது ரத்தசோகை. தைராய்டு, சர்க்கரை, பி12 குறைபாடு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு எல்லாம் அடுத்து வரும். ஹீமோகுளோபினை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கு இரும்பு, போலிக் அமில மாத்திரை அங்கேயே இலவசம். உண்மையான குறைபாட்டுக்கு, அளவு தெரிந்து, மருத்துவர் சொல்லிச் சாப்பிடும் மாத்திரையை நான் குறை சொல்லவே இல்லை. அது வேலை செய்கிறது. சோதித்துப் பார்க்காமல் டானிக்கும் பானமுமாக மாதங்களை ஓட்டுவதைத்தான் குறை சொல்கிறேன்.

வயிற்றுப்போக்குக்கு வாங்கிய பாக்கெட்

தவறான விளம்பரத்தால் நேரடியாகக் குழந்தைகளுக்கு ஆபத்து வந்த இடம் இது. வயிற்றுப்போக்கில் குழந்தையைக் காப்பாற்றும் ஓ.ஆர்.எஸ். கரைசலுக்கு உலக சுகாதார நிறுவனம் அளவு வகுத்திருக்கிறது: ஒரு லிட்டர் தண்ணீரில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்புகள் மூன்று வகை, மொத்தம் 20.5 கிராம். அந்த விகிதம்தான் அதன் உயிர். சர்க்கரை கூடினால் குடல் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக உள்ளே இழுத்துக்கொள்ளும், வயிற்றுப்போக்கு அதிகமாகும்.

பழ ருசியில், அட்டைப் பெட்டியில், ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்ட பானங்கள் மருந்துக்கடையிலேயே விற்பனைக்கு வந்தன. அவற்றில் சர்க்கரை பல மடங்கு அதிகம். ஓரத்தில் 'இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். அல்ல' என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும் என்று சில காலம் அனுமதியும் இருந்தது. வாந்தியும் பேதியுமாகத் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுராத்திரியில் கடைக்கு ஓடும் தகப்பன் அந்த வரியைப் படிப்பாரா? ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்கு எதிராக ஆண்டுக்கணக்கில் போராடினார். 2025 அக்டோபரில் எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அந்த அனுமதிகளை விலக்கிக்கொண்டு, உணவுப் பொருள் எதன் பெயரிலும் ஓ.ஆர்.எஸ். என்ற சொல் வரக்கூடாது என்று உத்தரவிட்டது. ஆனாலும் கடையில் கேட்கும்போது தண்ணீரில் கரைக்கும் பொடிப் பாக்கெட்டைக் கேளுங்கள், அதில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அரசு சுகாதார நிலையங்களிலும் அங்கன்வாடிகளிலும் கேட்டாலும் கிடைக்கும்.

புரதப் பொடி

ஜிம்முக்குப் போகத் தொடங்கிய பிள்ளைகள் முதல் மாதமே கேட்பது இது. வளர்ந்தவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது ஐ.சி.எம்.ஆரின் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். 250 கிராம் அரிசியில் சுமார் 20, 60 கிராம் பருப்பில் 13, 300 மில்லி பாலோ தயிரோ சேர்ந்தால் 9, ஒரு முட்டையில் 6. கிட்டத்தட்ட வந்துவிட்டது. கடுமையாகப் பயிற்சி செய்பவருக்குக் கூடுதலாக வேண்டும். அதையும் முட்டை, மீன், கடலை, சோயா கொண்டு நிரப்பலாம். பொடி வசதியானது, அவ்வளவுதான்.

வாங்குவதென்று முடிவு செய்தால் ஒரு சூட்சுமத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். உணவில் புரதம் எவ்வளவு என்று பார்க்கும் வழக்கமான சோதனை புரதத்தை அளப்பதில்லை. 1883-ல் டென்மார்க் வேதியியலாளர் கெல்டால் உருவாக்கிய முறை அது. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கி, அதைப் புரதம் என்று எழுதுகிறது. எனவே விலை மலிந்த, நைட்ரஜன் உள்ள எதைக் கலந்தாலும் காகிதத்தில் புரதம் ஏறும். 100 கிராம் கிளைசினைக் கலந்தால் சோதனையில் அது 117 கிராம் புரதமாகத் தெரியும். கிரியேட்டின் என்றால் 200 கிராம். 2008-ல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் இதே ஓட்டையைப் பயன்படுத்தி மெலமைன் என்ற தொழிற்சாலை ரசாயனத்தைக் கலந்தார்கள். ஆறு பச்சிளம் குழந்தைகள் இறந்தன, ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. கிளைசின் அந்த அளவுக்கு விஷம் இல்லை. ஆனால் ஏமாற்று வழி ஒன்றுதான்.

ஆகவே 'வே புரோட்டீன்' டப்பாவின் மூலப்பொருள் பட்டியலில் கிளைசின், டாரின், கிரியேட்டின் என்று தனியாக இருந்தால் யோசியுங்கள். அளவு சொல்லாமல் 'பிரத்யேகக் கலவை' என்று மூடி எழுதியிருந்தால் வைத்துவிடுங்கள். அமினோ அமிலப் பட்டியலில் லியூசின் என்ற பெயரைத் தேடுங்கள். உண்மையான வே புரதம் 24 கிராம் இருந்தால் லியூசின் சுமார் இரண்டரை கிராம் இருக்க வேண்டும். கேரள மருத்துவர் சிரியக் ஏபி பிலிப்ஸ் குழுவினர் இந்தியாவில் விற்கும் 36 பொடிகளைச் சோதித்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 70 சதவீதப் பொடிகளில் லேபிளில் உள்ள புரதக் கணக்கு சரியாக இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிமருந்து எச்சமும் இருந்தன. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தப் பொடிகளை மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

மூலிகை என்ற போர்வை

கேப்சூலில் வரும் மூலிகைச் சாறு நம் சமையலறைப் பொருளுக்குச் சமமில்லை. குழம்பில் போடும் மஞ்சளும், உறிஞ்சும் திறனைக் கூட்டிச் செறிவாக்கிய மஞ்சள் மாத்திரையும் ஈரலுக்கு ஒன்றல்ல. கிரீன் டீயின் செறிவூட்டிய சாற்றில் உள்ள இ.ஜி.சி.ஜி. என்ற பொருள் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது. அமுக்கராவை டென்மார்க் 2023-ல் தடை செய்தது. இந்தியாவிலும் அதன் வேரைத்தான் பயன்படுத்த வேண்டும், இலையை அல்ல என்று ஆயுஷ் அமைச்சகம் அறிவுறுத்தியிருக்கிறது.

இதைவிடப் பெரிய அபாயம், லேபிளில் இல்லாத மருந்து. ஆண்மைக்கு என்று விற்கும் 'மூலிகை' மாத்திரைகளில் சில்டெனாஃபில், எடை குறைக்க என்று விற்பவற்றில் 2011-ல் இந்தியா தடை செய்த சிபுட்ராமின், உடம்பு ஏற்ற என்று விற்பவற்றில் ஸ்டீராய்டு எனப் பல நாடுகளின் ஆய்வகங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. மூலிகை மருந்து ஒரே வாரத்தில் கண்கூடாக வேலை செய்தால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். முகம் உப்பி, பசி கட்டுக்கடங்காமல் போய், எடை சட்டென்று ஏறினால் ஸ்டீராய்டாக இருக்கலாம். நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால் தானாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. டப்பாவுடன் மருத்துவரிடம் போங்கள்.

விளம்பர வாக்கியத்தைப் படிப்பது

'உதவுகிறது', 'துணைபுரிகிறது' என்ற சொற்கள் வந்தால், தனியாக அது செய்யாது என்று நிறுவனமே ஒப்புக்கொள்கிறது. 'இரண்டு மடங்கு' என்றால் எதைவிட என்று கேளுங்கள். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும், கீழே பொடி எழுத்தில் ஒப்பிட்ட பொருள் இருக்கும். பெரும்பாலும் அது வெறும் பாலாகவோ, சத்து சேர்க்காத வேறொரு பொடியாகவோ இருக்கும். வெள்ளைக் கோட்டு போட்டு வருபவர் நடிகர். உணவுப் பொருளின் லேபிளில் 'மருத்துவர்கள் பரிந்துரைப்பது' என்ற பொருளில் எதையும் எழுத இந்திய விதி இடம் தரவில்லை.

எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க எண்ணும் அந்தத் தொழிலுக்கு உரிமம் இருக்கிறது என்று மட்டும் சொல்கின்றன. முன்பக்கத்தில் எழுதிய பலன்களை அரசு சோதித்து ஒப்புக்கொண்டது என்று அதற்குப் பொருள் இல்லை. ஊட்டச்சத்துக் கிளப் நடத்துபவர்களும் தெரிந்தவர் மூலமாக விற்பவர்களும் இந்த எண்ணைத்தான் முதலில் காட்டுவார்கள். எண் உண்மையானதா என்று அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளத்தில் தட்டிப் பார்க்கலாம். சப்ளிமென்ட் வகைப் பொருளில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் கட்டாயம். 'சர்க்கரையைக் கட்டுப்படுத்தும்', 'மூட்டுவலி தீரும்' என்று வாட்ஸப்பில் வந்த பொருளின் டப்பாவிலேயே அந்த வரி இருக்கும். விற்க வந்தவர் சொந்தக்காரராக இருந்தாலும், அந்த வரியை விரலால் காட்டி, "இதைப் படிச்சீங்களா அக்கா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். சண்டை வேண்டாம், அவரும் பெரும்பாலும் நம்பித்தான் பணம் போட்டிருப்பார்.

புகார் செய்ய

1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய மருத்துவ விளம்பரச் சட்டம் சர்க்கரை நோய், உடல் பருமன், ஆண்மைக்குறைவு, உயரம் உள்ளிட்டவற்றுக்கு மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. உணவுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் விதிக்கலாம். நடித்துக்கொடுத்த பிரபலத்தை ஓராண்டும், திரும்பச் செய்தால் மூன்றாண்டும் விளம்பரங்களிலிருந்து விலக்கி வைக்கலாம். பிரபலங்களுக்கும் சமூக ஊடகத்தில் பரப்புபவர்களுக்கும் சம பொறுப்பு உண்டு என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உள்ளூரில் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். விளம்பரத்தைப் பற்றி மட்டும் என்றால் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலுக்கு அதன் தளத்தில் அனுப்பலாம், கட்டணம் இல்லை.

எங்கே கொடுத்தாலும் டப்பாவின் நான்கு பக்கமும் படம், பேட்ச் நம்பர், தயாரிப்பு நாள், பில், விளம்பரத்தின் ஸ்கிரீன் ஷாட், பார்த்த தேதி ஆகியவை வேண்டும். ஸ்கிரீன் ஷாட்டை உடனே எடுத்துவிடுங்கள். புகார் போனதும் பதிவு காணாமல் போகும். புகாரில் 'ஏமாற்றுகிறார்கள்' என்று பொதுவாக எழுதாமல், விளம்பரத்தில் வந்த வாசகத்தை அப்படியே எழுதி, அதற்குக் கீழே பின்பக்கத்தில் இருப்பதை எழுதுங்கள். சாப்பிட்டவருக்கு உடம்புக்கு ஏதாவது வந்திருந்தால் மீதியைக் குப்பையில் போடாதீர்கள். மூடி இறுக்கி, பில்லோடு சேர்த்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் எடுத்து வையுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்ப அதுதான் தேவைப்படும்.